சேறு அடிக்கிற ரோட்டவேட்டருக்கு வாங்குன கால்சியம் கிரீஸ், ஒரு சீசன் போட்டு பாத்தாச்சு

மன்னார்குடி பக்கம் நமக்கு ஒரு டிராக்டர், ரோட்டவேட்டர், பழைய கதிர் அறுக்கிற மிஷின் ஒண்ணு. குறுவைக்கு சேறு அடிக்க எறங்கிட்டா ரோட்டவேட்டர் சைடு பேரிங் பொழுதன்னைக்கும் தண்ணிக்குள்ளதான் கெடக்கும். முன்னாடி கடையில லூஸ்ல அள்ளித் தர்ற மஞ்ச கிரீஸ்தான் அடிப்பேன், ரெண்டு நாள்ல ஆயில் சீல் ஓரமா மோர் மாதிரி வெளுத்து வழிஞ்சிடும். கிரீஸ்ங்கிறதே ஆயிலை ஒரு சோப்பு புடிச்சு கெட்டியா வச்சிருக்கிறதுதான், அது சோடியம் சோப்புல காய்ச்சுனதா இருந்திருக்கும்னு இப்ப தோணுது, தண்ணி பட்டா கரையுற சாதி அது.

இந்த தடவ மெக்கானிக் அண்ணன் சொன்னாருன்னு தஞ்சாவூர் பக்கம் கிரீஸ் காய்ச்சுற ஒரு சின்ன யூனிட்டுக்கே போய் கால்சியம் கிரீஸ் 5 கிலோ பக்கெட் வாங்கினேன். உள்ள கூட்டிட்டுப் போய் காட்டுனாங்க. பெரிய கெட்டில்ல கொஞ்சம் ஆயில், கொழுப்பு அமிலம், சுண்ணாம்பு கரைச்ச தண்ணி எல்லாம் ஊத்தி சூடு ஏத்துறாங்க, பொங்கல் பானை மாதிரி நுரைச்சுக்கிட்டு வருது, கால்சியம் சோப்பு ஆனதும் மிச்ச ஆயிலை கொஞ்சம் கொஞ்சமா விட்டு கலக்கி மில்லுல அரைக்கிறாங்க. ஆயிலை புடிச்சு வச்சிருக்கிறதே அந்த சோப்பு நாருதான், ஸ்பாஞ்சு மாதிரி.

ரோட்டவேட்டர்ல சும்மா சொல்லக்கூடாது, அருமை. உள்ளங்கையில கொஞ்சம் வச்சு தண்ணி விட்டு தேய்ச்சு பாத்தேன், வெளுக்கவே இல்ல, தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. சீசன் முடிய ஒரு பேரிங்கூட மாத்தல.

ஆனா நான் ஒரு கூத்து பண்ணேன். நல்லா இருக்கேன்னு அறுப்பு மிஷின் டிரம் பேரிங்குக்கும் இதையே அடிச்சு விட்டேன், மத்தியானத்துக்குள்ள உருகி எண்ணெயா சொட்டுது. யூனிட்காரருக்கு போன் போட்டா, "தம்பி, அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி இருந்தாதான் சோப்பும் ஆயிலும் ஒட்டியிருக்கும், சூட்டுல அந்த தண்ணி போயிட்டா பிரிஞ்சிடும்"ங்கிறார். 100 டிகிரி கிட்ட வந்தாலே சொட்டுமாம், 60 தாண்டாத எடத்துல மட்டும் போடணுமாம். விக்கும்போதே சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். டிரம்முக்கு லித்தியம் சோப்பு கிரீஸ்தான், 180க்கு மேல வரைக்கும் உருகாது. அதையும் பழைய கிரீஸ் மேலயே அடிக்காம டீசல் விட்டு கழுவித் தொடைச்சுட்டு போட்டேன், வேற வேற சோப்பு கலந்தா சிலது இளகிடும்.

லித்தியம் கிரீஸுக்கு சோப்பு காய்ச்சுற கொழுப்பு நம்ம வெளக்கெண்ணெயிலேர்ந்து வர்றதாம். தாத்தா வைக்கோல் கரிய வெளக்கெண்ணெயில கொழைச்சு வண்டி மை போட்டவரு, கேட்டா சிரிச்சிருப்பாரு.

வாங்குறவங்க கலரை பாத்து ஏமாறாதீங்க, அது வெறும் சாயம். பக்கெட்டுல போட்டிருக்கிற 2ங்கிற நம்பரும் கெட்டித்தனத்துக்குத்தான், ஒரு கூம்பை கிரீஸ்ல எறக்கி 26.5லேர்ந்து 29.5 மில்லிமீட்டர் ஆழம் போனா 2, இன்னும் கெட்டியா இருந்தா 3. என்ன சோப்புன்னு வாயத் தொறந்து கேளுங்க, இவங்க பக்கெட்டுல அதை எங்கயும் போடல.

வெலை லித்தியத்தைவிட நல்லாவே கம்மி. மூடிதான் மகா மட்டம், ஒரு தடவ தொறந்தா அப்புறம் ஒக்காரவே மாட்டேங்குது. உள்ள தூசி போனா பேரிங்க தின்னுடும்னு உரச்சாக்கை மேல போட்டு சணல்ல கட்டி வச்சிருக்கேன்.