காலை எடுப்பதா, மாத்திரையில் ஓட்டுவதா?

எங்கள் நாய் செவலையின் பின்னங்காலை அறுவையில் எடுத்துவிட்டு அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று பார்த்தார். "வாயில்லா ஜீவனை இப்படி நொண்டியாக்கிப்புட்டியேடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருபது நாள் முன்பு யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து மூன்று பேர், நாய்க்கு எலும்பில் புற்று வந்தால் காலை எடுப்பதா, காலை வைத்துக்கொண்டு வலி மாத்திரையில் ஓட்டுவதா என்ற இதே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் காலை எடுக்கும் பக்கம் சாய்ந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்கள் கழித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

செவலைக்கு எட்டு வயது, 32 கிலோ. அம்மா ராஜபாளையம் கலப்பு, அப்பா யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. புரட்டாசியில் இடது பின்னங்காலை லேசாக இழுக்க ஆரம்பித்தான். சம்பா நடவு நேரம், வரப்பில் தாவும்போது பிசகியிருக்கும் என்று விட்டுவிட்டோம். உள்ளூரில் காட்டியபோதும் சுளுக்கு என்று சொல்லி ஊசி போட்டார்கள். இரண்டு நாள் ஓடுவான், மூன்றாம் நாள் காலைத் தூக்கிக்கொள்வான். மறுபடி ஊசி. இப்படியே மூன்று வாரம் போயிற்று. முழங்காலுக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியான வீக்கம் கையில் தட்டுப்பட்ட பிறகுதான் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடித்தோம்.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கீழ்முனை கரையான் அரித்த கட்டை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் எலும்பு கரைந்து கிடக்க, பக்கத்திலேயே புது எலும்பு கீற்றுக் கீற்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மூட்டைத் தாண்டி அடுத்த எலும்பைத் தொடவில்லை. "பெரிய நாய், வயசாகிடுச்சு, இடமும் முழங்காலை ஒட்டி. ஆஸ்டியோசார்கோமா மாதிரிதான் இருக்கு" என்றார் டாக்டர். நாய்க்கு எலும்பிலேயே கிளம்பும் புற்றுநோயில் 100-க்கு 85 இந்த வகைதானாம். நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்தார்கள், நுரையீரலில் எதுவும் இல்லை. "தெரியலைன்னுதான் சொல்றேன், இல்லைன்னு சொல்லலை" என்றார். கால் வீக்கம் கண்ணுக்குப் படும் நேரத்திலேயே பத்தில் ஒன்பது நாய்களுக்கு நுண்ணிய அளவில் பரவியிருக்குமாம்.

இந்த "மாதிரிதான் இருக்கு" என்ற சொல்லில்தான் நாங்கள் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். புற்று என்று உறுதியாகாமல் காலை எடுத்து, அப்புறம் வேறு ஏதோ என்று வந்தால்? ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்லிலும் "சந்தேகம்" என்றுதான் வந்தது. கெட்டி ஊசியால் எலும்பையே துளைத்து எடுத்துப் பார்க்கலாம், ஆனால் ஏற்கெனவே அரித்துப்போன எலும்பு அதில் முறியவும் கூடும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, "இது எதுவா இருந்தாலும் இந்த எலும்பு இனிமே இவனைத் தாங்காது" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. எடுத்த பிறகு எலும்பைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், அவர் சொன்ன நோய்தான் என்று முடிவு வந்தது. ஆனால் எக்ஸ்ரே இவ்வளவு தெளிவாக இல்லையென்றால், எலும்பு அவ்வளவு அரிக்காமல் இருந்தால், முதலில் துளைத்துப் பார்ப்பதுதான் சரி. எலும்புக்குள் பூஞ்சையோ கிருமியோ புகுந்தாலும் இதைப் போலவே காட்டக்கூடும்.

மற்ற வழிகளைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். கெட்ட எலும்பை மட்டும் வெட்டிவிட்டுத் தகடு வைத்துக் காலைக் காப்பாற்றும் அறுவை உண்டு. அது பெரும்பாலும் முன்னங்கால் மணிக்கட்டுப் பக்கம் வந்தால்தான் சரிப்படும், எங்களுக்குப் பொருந்தவில்லை. கதிர்வீச்சு வலியை நன்றாகக் குறைக்கும் என்றார்கள். எங்கே, எப்படி என்று விசாரித்ததோடு விட்டுவிட்டோம். வலியில்லாமல் உயிர் போக ஊசி போட்டு அனுப்பிவிடுவதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதைத் தப்பென்று நான் நினைக்கவில்லை, ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு எழுகிற நாய்க்கு அதைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. ஆக மிஞ்சியது இரண்டு. காலை எடுப்பது, அல்லது காலை வைத்துக்கொண்டு வலி மாத்திரையில் ஓட்டுவது.

இந்த இரண்டையுமே நாங்கள் அனுபவித்தோம். அதற்குக் காரணம் உண்ணி. அறுவைக்கு முன் ரத்தம் பார்த்தபோது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைவாக இருந்தன. உண்ணிக் காய்ச்சல். டெல்டாவில் மாட்டுக்கொட்டகை ஓரம் படுக்கிற நாயில் உண்ணி இல்லாத நாயைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. டாக்ஸிசைக்ளின் கொடுத்து, எண்ணிக்கை ஏறும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த பன்னிரண்டு நாளும் வலி மாத்திரைதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீக்கத்துக்கும் வலிக்குமாக ஒரு மெலாக்சிகாம், அதோடு நரம்பு வலிக்கு வேளைக்கு ஒன்றாக கேபாபென்டின், வலி தாங்காத நேரத்துக்கு ட்ரமடால். முதல் மூன்று நாள் மெலாக்சிகாமைத் தொடவே விடவில்லை. உள்ளூரில் போட்ட ஊசியில் ஸ்டீராய்டு இருந்ததா என்று டாக்டர் கேட்டார், எங்களிடம் சீட்டு இல்லை. இரண்டும் சேர்ந்தால் வயிறு புண்ணாகி மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும், அதனால் இடைவெளி விடச் சொன்னார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கிடக்கும் மனிதர்களின் மூட்டுவலி மாத்திரையை, முக்கியமாக ஐபுபுரூஃபனையும் டைக்ளோஃபெனாக்கையும், நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். வயிறும் சிறுநீரகமும் போய்விடும்.

பகலில் மாத்திரை வேலை செய்ததாகத்தான் தெரிந்தது. சாப்பிட்டான், வாலாட்டினான். இட்லிக்குள் வைத்த மாத்திரையை மட்டும் நாக்கால் தள்ளி வெளியே போடக் கற்றுக்கொண்டான், நெத்திலிக் கருவாட்டுக்குள் வைத்தால் விழுங்கினான். பகலை மட்டும் பார்க்கிறவர்கள் "நல்லாத்தானே இருக்கான், ஏன் காலை எடுக்கணும்?" என்று கேட்பார்கள். என் மைத்துனரும் அப்படித்தான் கேட்டார்.

ராத்திரிதான் வேறு. என் கட்டில் திண்ணையை ஒட்டிய அறையில். படுப்பான், பத்து நிமிடத்தில் எழுவான், இரண்டு சுற்றுச் சுற்றுவான், மறுபடி படுக்கப் போய்ப் பாதியிலேயே நின்றுவிடுவான். கத்த மாட்டான். மூச்சு மட்டும் வேகமாக, வாய் திறந்து, ஐப்பசி மழைக் குளிரிலும் சித்திரை வெயிலில் ஓடி வந்தவன் மாதிரி. மூன்றாம் நாள் உரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரை எடுத்து, செவலை நடுவில் எழாமல் மூன்று மணி நேரமாவது தொடர்ந்து தூங்கிய ராத்திரிகளுக்கு மட்டும் வட்டம் போட ஆரம்பித்தேன். முதல் இரண்டு ராத்திரிக்கு நினைவிலிருந்து குறித்தேன். பன்னிரண்டில் மூன்று வட்டம். மூன்றும் ட்ரமடால் கூட்டிக் கொடுத்த ராத்திரிகள், மறுநாள் மதியம்வரை தள்ளாடியவன்.

எனக்குக் கேள்வியை மாற்றியது அந்தக் காலண்டர்தான். எத்தனை மாதம் கூட இருப்பான் என்றே அதுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. காலை மட்டும் எடுத்தால், மேலே எதுவும் செய்யாவிட்டால், பாதி நாய்கள் 4 முதல் 5 மாதத்துக்குள் போய்விடுகின்றன. உயிரைக் கொண்டுபோவது நுரையீரலுக்குப் பரவிய புற்று, அதைக் கத்தி தொடாது. மாத்திரையில் ஓட்டினால் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம். அங்கே எத்தனை நாள் என்பதை முடிவுசெய்வது வலி. மாத்திரை தோற்றுப்போகும், அல்லது எலும்பு முறியும். என் மைத்துனரின் டாபர்மேனுக்கு அப்படித்தான் ஆனது. அதற்கும் இதே நோய், முன்னங்காலில். ஏழாவது வாரம் திண்ணையிலிருந்து ஒரே ஒரு படி இறங்கியதில் முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை. டாக்டர் கிடைக்க ராத்திரி பதினொன்றாகிவிட்டது. அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி அவர் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை.

முடிவை எடுத்தது என் மனைவி. பதினோராம் நாள் காலை, விழித்தே கிடந்த என்னிடம் காப்பியை நீட்டிக்கொண்டு, "ஏங்க, ஒரு மாசமா மூணு காலாலதானே நடக்கறான்? நாலாவது காலு எதுக்கு இருக்கு, வலிக்கிறதுக்கா?" என்றாள்.

இடுப்பு மூட்டோடு எடுத்தார்கள். முதல் மூன்று ராத்திரி மோசம். மயக்க மருந்தும் வலி மருந்தும் கலந்து ஒருவிதமாக முனகினான், எங்களை அடையாளம் தெரியாதவன் மாதிரி பார்த்தான். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது அந்த மூன்று நாளில்தான். நான்காம் ராத்திரி வட்டம். ஐந்தாம் ராத்திரியும். ஆறாம் நாள் காலை ஆறரை மணிவரை எழவில்லை. பயந்துபோய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன், குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பராமரிப்பு என்று பார்த்தால் மாத்திரை தினமும் மூன்று வேளை, ஏறிக்கொண்டே போகும். அறுவை பதினான்கு நாள் வேலை, அப்புறம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதினான்கு நாள் லேசில்லை. மழைக்காலத்து ஈ தையலில் உட்கார்ந்தால் புழு வைத்துவிடும், அதனால் கூடத்திலேயே கொசுவலைக்குள் வைத்திருந்தோம். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. தையலுக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது, தானாகவே வற்றியது. ஒன்றுக்குப் போக, துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் முதல் ஐந்து நாள்தான். வழுவழுப்பான டைல்ஸ்தான் பெரிய எதிரி. கூடத்திலிருந்து வாசல்வரை கோணிச்சாக்கை ஈரப்படுத்தி விரித்தேன், அப்புறம் தென்னை நார் மிதியடி. தயிர்சாதத்தைப் பாதியாகக் குறைத்தோம், மிச்ச மூன்று காலும் எடையைத் தாங்க வேண்டுமே.

கார்த்திகை நடுவில் கிடாக்குட்டியைத் துரத்தினான். வாய்க்கால் மேல் போட்ட பனைமரத்தில் மட்டும் ஏற மாட்டான், தண்ணீரில் இறங்கியே கடப்பான். காலைத் தூக்கி ஒன்றுக்குப் போகிற பழக்கத்தை விடாமல், தென்னையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு இல்லாத காலைத் தூக்குவான், தொடையில் மிச்சமிருந்த சதை மட்டும் துடிக்கும். பெரியம்மா அதைப் பார்த்துத்தான் சிரித்தார், பேச்சும் வந்தது.

கீமோ பற்றி நான் சொல்வதெல்லாம் கேட்டது மட்டுமே. காலை எடுத்தபின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின் என்ற புற்று மருந்து, நாலிலிருந்து ஆறு தடவை. அதைச் சேர்த்தால் 4, 5 மாதம் என்பது 10, 12 மாதமாகும், ஐந்தில் ஒரு நாய் இரண்டு வருடம் தாண்டும் என்றார் டாக்டர். மனிதர்களைப் போல முடி கொட்டிப் படுத்துவிடுவதில்லை, பெரும்பாலானவை தாங்கிக்கொள்ளுமாம். நாங்கள் போகவில்லை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருந்து ஏற்றிய சில நாளைக்கு நாயின் சிறுநீரைக் கையுறையில்லாமல் தொடக்கூடாது, கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது என்றார்கள். வீட்டில் அந்தச் சூழ்நிலை இல்லாதவர்கள் கேட்டுப் பாருங்கள். இன்று யோசித்தால் எனக்குக் குறையாகத் தெரிவது இது ஒன்றுதான்.

முன்னங்கால் விஷயத்திலும் என் பேச்சை அப்படியே எடுக்காதீர்கள். நாயின் எடையில் 60 சதவீதம் முன்னே இருக்கிறது, முன்னங்காலை எடுத்தால் பழக இன்னும் கொஞ்சம் சிரமம். மைத்துனர் அதனால்தான் தயங்கினார். மற்ற கால்களில் மூட்டுத் தேய்மானம் இருக்கிறதா, இடுப்பு சரியா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரலில் கட்டி ஏற்கெனவே தெரிகிறதென்றால், அல்லது மற்றக் காலும் போய்விட்டதென்றால், நானும் மாத்திரைப் பக்கம்தான் வருவேன். அப்போது சோலெட்ரானிக் ஆசிட் டிரிப் பற்றிக் கேளுங்கள், எலும்பு அரிப்பை அடக்கிச் சில நாய்களுக்கு வலியைக் குறைக்கிறது. சிறுநீரகம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். மாத்திரை தோற்கிற நாளுக்கு முன்பே கடைசி ஊசிக்கு நாள் குறித்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மழைக்காக விட்டுவைக்காதீர்கள்.

செலவு, அந்த வருடம் தரிசில் தெளித்த உளுந்து விற்ற காசில் பாதிக்குள் முடிந்தது. அதிலும் வண்டி வாடகைதான் அதிகம்.

செவலை ஏழு மாதம் இருந்தான். வைகாசிக் கடைசியில் சாப்பாடு குறைந்தது, அப்புறம் இருமல். எக்ஸ்ரேயில் இந்தத் தடவை தெரிந்தது. ஆனி நான்காம் தேதி, வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை, தென்னை நிழலில் படுக்கவைத்து ஊசி போட்டோம். காலண்டர் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அறுவைக்குப் பிறகு முதல் மூன்று ராத்திரி, கடைசியில் இருமிய நான்கு ராத்திரி, இந்த ஏழுக்குத்தான் வட்டமில்லை.