“இன்னும் மூன்றே இடம்தான்” என்று போன் வந்தால் பணம் கட்டாதீர்கள்: அமெரிக்க ஏபிஎஸ்என் நர்சிங் படிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை

கலிபோர்னியாவின் பே ஏரியாவில் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கான விசாவில், இருக்கும் தமிழ்ப் பெண். ஊரில் பி.டெக் பயோடெக்னாலஜி முடித்தவர். நர்சிங் படிக்கலாம் என்று இணையத்தில் தேடியபோது, தகுதி இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் சொல்வதாக ஒரு படிவம் வந்தது. பெயர், போன் நம்பர், டிகிரி முடித்த வருடம் கொடுத்தார். கால் மணி நேரத்தில் போன். வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அட்மிஷன் கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்டவர், ஏபிஎஸ்என், அதாவது ஏற்கெனவே ஒரு டிகிரி உள்ளவர்கள் சீக்கிரம் முடிக்கும் நர்சிங் பி.எஸ்சி, 16 மாதப் படிப்பு என்றார். தியரி முழுக்க ஆன்லைன், லேபுக்கு மட்டும் இரண்டு வாரம் நேரில் வந்தால் போதும், கிளினிக்கலை, அதாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியை, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு செய்துவிடுவோம், ஜனவரி பேட்ச்சில் இன்னும் மூன்றே இடம்தான் இருக்கிறது என்றார்.

ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் 7,000 டாலர் போயிருந்தது. கையில் இடம் இல்லை. பணம் எங்கெங்கே போனது என்று பிரித்துச் சொன்னால்தான் அடுத்தவருக்குப் பயன்படும்.

முதலில் இடத்தைப் பிடித்து வைக்க 500 டாலர் டெபாசிட். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ‘திருப்பித் தரப்படாது’ என்று இருந்தது. அடுத்து ப்ரீரெக்விசிட், அதாவது சேரும் முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்கள். அனாட்டமி அண்ட் பிசியாலஜி ஒன்று, இரண்டு, மைக்ரோபயாலஜி மூன்றும் லேபோடு தலா 4 கிரெடிட். நியூட்ரிஷனும் வளர்ச்சி உளவியலும் தலா 3. மொத்தம் 18. எங்கள் பார்ட்னரிடம் எடுத்தால் சீக்கிரம் முடியும் என்று தள்ளிவிட்டார்கள். கிரெடிட்டுக்கு 350 டாலர் வீதம் 6,300 டாலர். இதே 18 யூனிட்டை கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர்வாசிக் கட்டணமான 46 டாலரில் எடுத்திருந்தால் 828 டாலரோடு முடிந்திருக்கும். மிச்சம் 200 டாலர் போலீஸ் பின்னணிச் சோதனைக்கும் மருத்துவச் சோதனைக்கும்.

பிறகு ஜனவரி பேட்ச் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. கிளினிக்கல் இடம் கிடைக்கவில்லை என்பது காரணம். அதன்பின் வந்த மெயிலில்தான் உண்மை வெளியானது. அந்தப் பெண் இருக்கும் மாநிலத்தில் மாணவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அந்தக் கல்லூரிக்கு அனுமதியே இல்லை. 16 மாதமும் கல்லூரி இருக்கும் ஊரிலேயே வந்து தங்கச் சொன்னார்கள். இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? சரி, வேறு கல்லூரியில் போடலாம் என்றால், கட்டிப் படித்த அனாட்டமியையும் மைக்ரோபயாலஜியையும் அங்கே ஏற்கவில்லை. லேப் முழுவதும் கம்ப்யூட்டர் திரையில் நடந்ததுதான் காரணம்.

இதில் ஒவ்வொரு அடியையும் பணம் கட்டும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

போனில் பேசியவர் பெரும்பாலும் கல்லூரி ஊழியரே அல்ல. பல பல்கலைக்கழகங்கள் ஏபிஎஸ்என் படிப்புக்கு ஆள் சேர்ப்பது, ஆன்லைன் பாடம் தயாரிப்பது, வாடகைக் கட்டடத்தில் லேப் அமைப்பது எல்லாவற்றையும் வெளி நிறுவனத்திடம் விட்டுவிட்டு, கட்டணத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கின்றன. சேர்க்கும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதை 1992 முதல் மத்திய சட்டம் தடுக்கிறது. ஆனால் பல சேவைகளை மொத்தமாகத் தரும் நிறுவனம் கட்டணத்தில் பங்கு வாங்கலாம் என்று 2011ல் கல்வித்துறை ஒரு விளக்கம் கொடுத்தது. அந்த வழியாகத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. எனவே முதல் கேள்வியாக ‘உங்களுக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகமா, வேறு நிறுவனமா?’ என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும், பல்கலைக்கழக கேட்டலாக்கில் உள்ள நம்பரில் நர்சிங் துறை அலுவலகத்தைக் கூப்பிட்டு, கவுன்சிலர் சொன்ன ஒவ்வொன்றையும் மறுபடி கேளுங்கள். வெளி நிறுவனம் இருப்பதாலேயே படிப்பு மோசம் என்று ஆகாது. ஆனால் அவசரப்படுத்துவதில் அவர்களுக்கு லாபம் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து அங்கீகாரம். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு உள்ள அங்கீகாரம் ஒன்று. மாநில நர்சிங் போர்டின் அனுமதி இன்னொன்று. இது இல்லையென்றால் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதவே முடியாது. மூன்றாவது நர்சிங் படிப்புக்கான அங்கீகாரம். இதை சிசிஎன்இ, ஏசிஇஎன், என்எல்என் சிஎன்இஏ என்ற மூன்று அமைப்புகள் தருகின்றன. மூன்றாவது இல்லாமலும் சில இடங்களில் லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கான விஏ ஆஸ்பத்திரிகள் வேலைக்கு எடுக்காது, மேல்படிப்புக்குப் பல கல்லூரிகள் சேர்க்காது. ‘விண்ணப்பித்திருக்கிறோம்’, ‘கேண்டிடேட் நிலையில் இருக்கிறோம்’ என்ற பதில்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். கல்லூரி இணையதளத்தில் உள்ள முத்திரையை நம்பாமல், அந்த அமைப்பின் பட்டியலிலேயே போய்ப் பாருங்கள். மாஸ்டர்ஸுக்கு அங்கீகாரம் இருந்து பி.எஸ்சிக்கு இல்லாமலும் இருக்கும்.

ஆன்லைன் கலந்த படிப்பானால் இன்னொரு பக்கத்தையும் தேடுங்கள். லைசென்ஸுக்கு வழிவிடும் படிப்பு எந்தெந்த மாநிலத்தின் நிபந்தனையைப் பூர்த்தி செய்கிறது என்று பட்டியல் போட வேண்டிய கடமை கல்லூரிக்கு உண்டு. உங்கள் மாநிலத்துக்கு நேரே ‘பூர்த்தி செய்யவில்லை’ என்றோ ‘தீர்மானிக்கவில்லை’ என்றோ இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். அந்தப் பெண் இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் 7,000 டாலர் மிஞ்சியிருக்கும்.

அங்கீகாரம் விளையாட்டல்ல என்பதற்கு 2023 ஜனவரியில் வெளியான ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ சாட்சி. புளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டிருந்தன. 25 பேர் மீது வழக்கு. வாங்கியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் என்கிளெக்ஸ் பாஸ் செய்து வேலைக்குப் போயிருந்தார்கள். மாநில போர்டுகள் விசாரித்துப் பலரின் லைசென்ஸைப் பறித்தன. ‘கிளாஸ் வேண்டாம், டாக்குமெண்ட் வாங்கித் தருகிறோம், பரீட்சை மட்டும் எழுதுங்கள்’ என்று யாராவது சொன்னால், அது வேலையோடு குடியேற்றத்தையும் சேர்த்து அழிக்கும் பாதை. உண்மையாகப் படிப்பவர்களும் கிளினிக்கல் மணி நேரக் கணக்கு, கையெழுத்தான தாள்கள், சிலபஸ் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

விளம்பரத்தில் வரும் ‘95 சதவீத தேர்ச்சி’யைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு கணக்கு: 60 பேர் சேர்கிறார்கள், 40 பேர் முடிக்கிறார்கள், 38 பேர் முதல் தடவையிலேயே பாஸ். 38ஐ 40ஆல் வகுத்தால் 95 சதவீதம். சேர்ந்த 60 பேரில் பார்த்தால் 63 சதவீதம்தான். விழுந்த 20 பேருக்கும் கடன் மட்டும் நிற்கும். ஆகவே எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்று கடைசி மூன்று பேட்ச்சுக்கு எழுத்தில் கேளுங்கள். முதல் தடவை தேர்ச்சி விகிதத்தை மாநில போர்டே வருடாவருடம் வெளியிடுகிறது, அதை எடுங்கள். 2024ல் அமெரிக்காவில் படித்தவர்களின் தேசிய சராசரி 91 சதவீதம். ஒரு கல்லூரி 80க்குக் கீழே இரண்டு வருடம் தொடர்ந்து நின்றால் ஒதுங்கிவிடுவதே நல்லது.

மாணவர் கையேட்டைச் சேர்வதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். ‘சேர்ந்த பிறகு தருவோம்’ என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். அதில் மூன்று இடங்களைப் படியுங்கள். தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு: பல இடங்களில் 75 முதல் 78. 77.9 எடுத்தாலும் 78 ஆக்க மாட்டார்கள். எத்தனை பாடம் போனால் வெளியேற்றுவார்கள்: பொதுவாக இரண்டு. விட்ட பாடம் மறுபடி எப்போது வரும்: வருடத்துக்கு ஒரு பேட்ச் மட்டும் நடத்தும் கல்லூரியானால் 12 மாதம் சும்மா உட்கார வேண்டும். இவற்றோடு கடைசி எக்சிட் எக்ஸாம் விதியையும் பாருங்கள். எல்லாப் பாடமும் பாஸ் செய்தும், ஏடிஐ அல்லது ஹெசி தேர்வில் குறித்த மார்க் வரவில்லை என்று படிப்பு முடிந்த தகவலை போர்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும் கல்லூரிகள் உண்டு. 95 சதவீதம் வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு பிள்ளைகளுக்குக் கடன் விஷயம். இரண்டாவது பேச்சலர் டிகிரிக்கு, திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய உதவித்தொகையான பெல் கிராண்ட் கிடையாது. ஏபிஎஸ்என் அண்டர்கிராஜுவேட் கணக்கில்தான் வரும். ஏற்கெனவே டிகிரி இருந்தாலும் 24 வயது ஆகாதவர் பெரும்பாலும் பெற்றோரைச் சார்ந்தவர்தான். அவருக்கு வருடத்துக்கு மத்தியக் கடன் 7,500 டாலர், வாழ்நாள் உச்சவரம்பு 31,000. முதல் டிகிரிக்கு 27,000 வாங்கியிருந்தால் மிச்சம் 4,000தான். பாக்கி பெற்றோர் பெயரிலேயே வாங்கும் மத்திய பேரன்ட் பிளஸ் கடனாகவோ, அப்பா அம்மா கையெழுத்துப் போடும் தனியார் கடனாகவோதான் வரும். ‘ஃபைனான்சியல் எய்ட் உண்டு’ என்று கவுன்சிலர் சொன்னால், எந்தக் கடன், எவ்வளவு என்று எய்ட் ஆபீஸிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். எச்-4காரர்களுக்கும், எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர்களுக்கும் மத்தியக் கடனே இல்லை.

எச்-4ல் படிக்கத் தடை இல்லை, வேலை பார்க்கத்தான் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். அது கணவர் அல்லது மனைவியின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்கான வேலை வழி மனு, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எச்-4லேயே படித்து முடித்தால், படித்த துறையில் வேலை பார்க்க மாணவர்களுக்குத் தரும் ஓபிடி அனுமதி கிடைக்காது. எஃப்-1க்கு மாறினால் 12 மாத ஓபிடி உண்டு, நர்சிங்குக்கு அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு இல்லை. எஃப்-1ல் ஒரு டேர்மில் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் முழுநேரக் கணக்கில் சேர்க்க முடியும் என்பதால், தியரி முழுக்க ஆன்லைன் என்ற படிப்பு எஃப்-1க்கு ஒத்துவராது. ‘ஐ-20 தருவீர்களா?’ என்று, மாணவர் விசாவுக்குக் கல்லூரி தர வேண்டிய படிவத்தைக் கேட்ட உடனே பல போன்கள் நின்றுவிடும். ஊரிலிருந்து ஏஜென்ட் மூலம் வருபவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். நர்ஸ் ஆனதும் கிரீன் கார்டு என்று ஏஜென்ட் சொல்வதையும் நம்பாதீர்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, நர்ஸ்கள் பெரும்பாலும் நிற்கும் ஈபி-3 கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்துக்கு மேல் நீள்கிறது. சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி கிடைப்பதும் அரிது.

மூன்று வருட பி.எஸ்சி, பி.காம் படித்தவர்கள் முதலில் வெளிநாட்டு டிகிரியை மதிப்பிடும் வெஸ் நிறுவனத்தின் மதிப்பீட்டை, பாடவாரி அறிக்கையாக, எடுத்துப் பாருங்கள். அமெரிக்க பேச்சலருக்குச் சமம் என்று வராவிட்டால் ஏபிஎஸ்என் கதவே திறக்காது. ‘அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ப்ரீரெக்விசிட்டுக்குப் பணம் வாங்குவதுதான் மிக மோசமான ஏமாற்று. ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் வரவே வாரக்கணக்கில் ஆகும். பல நர்சிங் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான நர்சிங்காஸில் அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. அவர்கள் சரிபார்த்து முடிக்கவும் வாரங்கள் பிடிக்கும். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். ப்ரீரெக்விசிட்டுக்கு 5 அல்லது 7 வருடக் காலாவதி வைக்கும் கல்லூரிகள் இருப்பதால், போடப்போகும் நான்கைந்து கல்லூரிகளின் விதியையும் அருகருகே எழுதிவைத்து, எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி கம்யூனிட்டி காலேஜில் நேரடி லேபோடு எடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் இன்றே விலகல் கடிதத்தை மெயிலில் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. கலிபோர்னியாவில் இருந்தால் எதிராளியின் சம்மதம் இல்லாமல் பேச்சைப் பதிவு செய்யாதீர்கள், அது குற்றம். அதற்குப் பதில் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் ‘இன்று நீங்கள் சொன்னது இது, தவறென்றால் திருத்துங்கள்’ என்று மெயில் போடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஸ்டேட்மெண்ட் வந்த 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் போக வேண்டும். கிளினிக்கல் வாக்குறுதி, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பேட்ச் தள்ளிப்போன மெயில் மூன்றையும் அதோடு இணையுங்கள். அதே ஆவணங்களை, கல்லூரி இருக்கும் மாநிலத்தின் நர்சிங் போர்டுக்கும், அந்த மாநிலத்தில் உயர்கல்விப் புகார்களைப் பார்க்கும் அலுவலகத்துக்கும், அங்கீகாரம் கொடுத்த அமைப்புக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.