ஒன்றரை லிட்டர் டொயோட்டாவா, ஒரு லிட்டர் டர்போவா: சின்ன காருக்கு எந்த பெட்ரோல் எஞ்சின்?

சின்ன கார் வாங்குகிறவர்கள், அதிலும் ஏற்கெனவே ஓடிய வண்டியைப் பார்க்கிறவர்கள், கடைசியில் குழம்பி நிற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: டர்போ இல்லாத நாலு சிலிண்டரா, டர்போ வைத்த மூன்று சிலிண்டரா? (டர்போ என்றால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி.) பொத்தாம்பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. அதனால் இரண்டு எஞ்சின்களைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்ஈ. யாரிஸ், வியோஸ் என்று பல கார்களில் பல வருடம் ஓடிய 1.5 லிட்டர். இன்னொன்று ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட். 2012இல் ஃபோகஸில் வந்து, ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் என்று பரவியது. பெஜோ-சிட்ரோயனின் 1.2 ப்யூர்டெக்கும் ஃபோக்ஸ்வேகனின் 1.2 டிஎஸ்ஐயும் இடையில் வந்து போகும்.

முதலில் காகிதக் கணக்கு. டொயோட்டா 1497 சிசி. 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 108 குதிரைத்திறன் அளவுக்குத் தரும். டார்க், அதாவது எஞ்சினின் திருப்பு விசை, 4200இல் சுமார் 140 நியூட்டன் மீட்டர். ஃபோர்டு 999 சிசி. அதன் 125 குதிரைத்திறன் பதிப்பு 1400இலிருந்து 4500 ஆர்பிஎம் வரை 170 நியூட்டன் மீட்டரை விடாமல் கொடுக்கிறது. டர்போ கூடுதலாக அழுத்தும் ஓவர்பூஸ்டில் சற்று நேரத்துக்கு 200 வரை போகும்.

ஓட்டும்போது இதன் அர்த்தம் உடனே புரிந்துவிடும். ஏற்றத்தில் ஃபோர்டில் கியரை மாற்றாமலே மிதித்துப் போகலாம்; டொயோட்டாவை ஒரு கியர் இறக்கி, சத்தம் போட வைத்துத்தான் ஏற்ற வேண்டும். மலைப்பகுதியில் வித்தியாசம் இன்னும் கூடும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்து சதவீத சக்தியை இழக்கும். டர்போ அந்த மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிவிடும். பிக்கப் மட்டும்தான் கேள்வி என்றால் பேச்சு இங்கேயே முடிந்தது, ஃபோர்டுதான்.

ஆனால் எஞ்சின் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டால் குதிரைத்திறனைப் பார்த்துப் பயனில்லை. பிரசுரத்தில் அச்சிடாத ஒரு எண்ணை நாமே கணக்கிட வேண்டும்: பிஸ்டன் மேல் விழும் சராசரி அழுத்தம். கணக்கு எளிது. டார்க்கை 12.57ஆல் பெருக்கி, லிட்டர் கொள்ளளவால் வகுத்து, மறுபடி 100ஆல் வகுத்தால் விடை பார் என்ற அழுத்த அலகில் வரும். டொயோட்டாவுக்கு 140 × 12.57 ÷ 1.497 ÷ 100, அதாவது சுமார் 11.8 பார். ஃபோர்டுக்கு 170 × 12.57 ÷ 0.999 ÷ 100, அதாவது 21.4 பார். முழு மிதியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேரிங், பிஸ்டன் வளையம், ஹெட் கேஸ்கட், கூலன்ட் ஹோஸ், ஆயில் எல்லாமே அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். ஃபோர்டு பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பிளாக்கை அலுமினியத்தில் வார்க்காமல் வார்ப்பிரும்பில் வார்த்தார்கள். ஆட்டத்தைத் தணிக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்காமல், ஃப்ளைவீலிலும் முன்பக்கப் புல்லியிலும் வேண்டுமென்றே எடைச் சமநிலையைக் கெடுத்து, மூன்று சிலிண்டரின் ஆட்டத்தை அடக்கினார்கள். நல்ல மூளை. 2012, 2013, 2014 என மூன்று வருடம் தொடர்ந்து சர்வதேச 'வருடத்தின் எஞ்சின்' விருதும் அதற்கே போனது. விருதுகள் எஞ்சின் புதிதாக இருக்கும்போதே கொடுக்கப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த எஞ்சினின் தலைவலி டர்போ இல்லை, பெல்ட். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் பெல்ட்டை எஞ்சினுக்கு உள்ளேயே, ஆயிலில் நனைந்தபடி ஓடவிட்டார்கள். உரசல் குறையும், சத்தம் குறையும் என்பது நோக்கம். 2,40,000 கிலோமீட்டர் அல்லது பத்து வருடம் வரை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார்கள். குறுகிய தூரமே ஓடி எஞ்சின் சரியாகச் சூடாகாத வண்டியில் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கும். அந்த ஆயிலும், தவறான வகை ஆயிலும் ரப்பரை ஊற வைக்கும். ஊறிய பெல்ட்டிலிருந்து உதிரும் துகள்கள் அடியில் இருக்கும் ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அப்பிக்கொள்ளும். ஆயில் அழுத்தம் விழும். முதலில் டர்போ போகும், அப்புறம் பேரிங். பெல்ட் அறுந்துதான் எஞ்சின் சாக வேண்டும் என்றில்லை, உதிர்ந்தாலே போதும்.

பின்னாள் ஈகோபூஸ்டில் கேம்ஷாஃப்டுக்கு செயின் வந்தது. ஆனால் ஆயில் பம்பைச் சுற்ற ஈரப் பெல்ட் தொடர்ந்தது. ஆயில் பம்பு பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சிக்கலுக்காக 2023 கடைசியில் அமெரிக்காவில் ஈகோஸ்போர்ட், ஃபோகஸ் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

ப்யூர்டெக்கின் கதையும் இதேதான். 1199 சிசி, மூன்று சிலிண்டர், ஈரப் பெல்ட். அதில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பிலும் துகள் அடைத்தது, பிரேக் மிதி கல்லாகிப் போகும் அபாயம் வந்தது, திரும்ப அழைப்பும் வந்தது. ஒரு நல்ல வசதி உண்டு: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பெல்ட் கண்ணுக்குத் தெரியும். அதற்கென்றே ஒரு அளவுகோல் இருக்கிறது. அதைப் பெல்ட்டின் மேல் வைத்துப் பார்த்து, பெல்ட் அதற்குள் நுழையவில்லை என்றால் ரப்பர் ஊதி அகன்றுவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். பழைய ப்யூர்டெக் பார்க்கப் போனால் அந்த மூடியைத் திறக்காமல் விலை பேசவே கூடாது.

சரி, அப்படியானால் செயின் இருந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. ஃபோக்ஸ்வேகனின் முதல் 1.2 டிஎஸ்ஐயில் செயின்தான் இருந்தது. அது நீண்டு, டென்ஷனர் தளர்ந்து கெட்ட பெயர் வாங்கியது. 2012இல் வந்த அடுத்த தலைமுறை, ஈஏ211, அதே 1197 சிசியில் வெளியே உலர்வாக ஓடும் பெல்ட்டுக்கு மாறியது. மற்றவர்கள் பெல்ட்டை விட்டு செயினுக்கு ஓடிய காலத்தில் இவர்கள் எதிர்த்திசையில் போனார்கள், அதுவே நன்மையாகவும் முடிந்தது. உலர்ந்த பெல்ட் உதிர்ந்தாலும் ஆயிலுக்குள் விழாது, நேரத்துக்கு மாற்றினால் முடிந்தது.

டொயோட்டாவுக்கு வருவோம். அதில் டைமிங் செயின், பெட்ரோலை வால்வுக்கு வெளியே தெளிக்கும் பழைய முறை, டர்போ கிடையாது. இதில் நடுவில் உள்ளது பலர் கவனிக்காத லாபம். காற்று நுழையும் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோலே கழுவிக்கொண்டிருப்பதால் கார்பன் படியாது. சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் எஞ்சின்களில் அந்தக் கழுவல் இல்லை. தாழ்ந்த வேகத்தில் முழு மிதி கொடுக்கும்போது கலவை முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் ஆபத்தும் டர்போக்காரர்களுக்கு உண்டு. 2020இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்பி தர ஆயிலுக்கான சோதனைகளில் இதுவும் செயின் தேய்மானமும் சேர்க்கப்பட்டது சும்மா இல்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வயதானால் ஆயில் குடிக்கும். வாட்டர் பம்பு கசியும், காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி அழுக்கானால், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓட்டம் (ஐடிலிங்) தள்ளாடும். அலுமினிய பிளாக்கில் சிலிண்டரின் உட்சுவராக மெல்லிய இரும்பு லைனர் வார்த்தே வைக்கப்பட்டிருப்பதால், அதைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது நடைமுறையில் ஆகாது. ஆனால் அந்த நிலைக்கு வர நெடுநாள் ஆகும். இதன் உடன்பிறப்பான 1என்இசட்-எஃப்எக்ஸ்ஈதான் 1997இலிருந்து 2009 வரை ப்ரியஸைச் சுமந்தது.

என் கணக்கு இது. காரைப் பத்து வருடம் வைத்திருப்பவருக்கும், பழைய வண்டி வாங்குபவருக்கும், தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கும் டொயோட்டா. நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டி, குறித்த தர ஆயிலைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு டர்போ பொருந்தும். அதிலும் உலர்ந்த பெல்ட் உள்ள ஈஏ211 ஈகோபூஸ்டை விடத் தைரியமாக எடுக்கலாம். ஆயில் மாற்றிய ரசீதுகள் இல்லாத ஈரப் பெல்ட் வண்டி என்றால், பெல்ட், பம்பு வடிகட்டி இரண்டையும் பார்க்க ஆகும் செலவை விலையில் கழித்துவிட்டே பேசுங்கள். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.