இலவசமாகப் பாதத்தை ஸ்கேன் செய்கிறோம் என்று கூப்பிட்டால் நிற்காதீர்கள், என் 1,680 வெள்ளி போச்சு

1,680 வெள்ளி. இங்கே சிங்கப்பூரில், காலணிக்குள் வைக்கிற ஒரு ஜோடி இன்சோலுக்கு. இன்று காலை பார்த்தால் அந்தக் கடைக்காரர்கள் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார்கள். இதே வலியோடு நடமாடும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் உடனே எழுதுகிறேன்.

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். எல்லாரும் கைவிரலைத்தான் பார்ப்பார்கள், என்னைப் படுத்துவது பாதம். விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள சின்ன மூட்டுகள் வீங்கிக்கொள்ளும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் கூழாங்கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். அந்த விறைப்பு விட ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் பள்ளிக் கேன்டீனில் மதியம் வரை நின்றபடி வேலை.

கடைத்தொகுதியில் எஸ்கலேட்டர் பக்கத்தில் இருந்தது அந்தக் கடை. நான் நொண்டி நடப்பதைப் பார்த்து ஒரு பெண் ஓடி வந்து நாற்காலி போட்டாள். "ஆன்ட்டி, தமிழா? உட்காருங்க. எங்க அம்மாவுக்கும் இதே கால்வலிதான்" என்றாள். தரையில் மண்டியிட்டு, என் செருப்பைத் தானே கழற்றி, வீங்கிய விரல்களை வலிக்காமல் பிடித்துப் பார்த்தாள். வீட்டார், டாக்டர் தவிர வேறு யாரும் என் காலை அவ்வளவு பக்குவமாகத் தொட்டதில்லை. அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஒரு பலகைமேல் நிற்கச் சொன்னாள். திரையில் முன்பாதம் முழுக்கச் சிவப்பு. "சிவப்பா இருக்கிற இடமெல்லாம் எலும்பு கெட்டுப்போச்சு ஆன்ட்டி." பச்சைப் பொய். அந்தக் கருவி அழுத்தத்தை மட்டுமே அளக்கிறது. உடல் எடை எங்கே அதிகம் விழுகிறதோ அங்கே சிவப்புக் காட்டும், எலும்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. "உங்க பாதத்துக்கே அளவெடுத்துச் செய்யறோம், வீக்கம் போயிடும், பிடிக்கலைன்னா பணத்தைத் திருப்பித் தந்துடுவோம்" என்றாள். நெட்ஸில், அதாவது வங்கி அட்டையில், 1,680 வெள்ளி கட்டினேன். பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சடித்த ரசீதை மடித்து, உறைக்குள் போட்டுத்தான் என் கையில் கொடுத்தாள்.

வந்தது கெட்டியான பிளாஸ்டிக் தகடு. வீங்கிய மூட்டிலேயே போய் இடித்தது. போய்ச் சொன்னால், "பழகணும் ஆன்ட்டி." அடுத்த முறை, "கெட்ட நீர் இறங்குது, அதான் வலி." அப்புறம் மேனேஜர் லீவு. அந்தப் பெண்ணை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். ஒருவழியாக வந்த மேனேஜர், "உங்கள் நோய்தான் காரணம், எங்கள் பொருளில் குறை இல்லை" என்றார். அந்த நோயைக் காட்டித்தானே ஐயா விற்றீர்கள்?

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று. "மாத்திரைதான் இதை வேலை செய்ய விடலை, கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க" என்றும் சொன்னார்கள். நான் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மாத்திரை போடுகிறேன், நிறுத்தவில்லை. அதை நிறுத்தினால் அழற்சி மறுபடி ஏறி மூட்டை அரிக்கும், அரித்த மூட்டு பழையபடி ஆகாது. என் இடத்தில் வேறொரு வயதான அம்மா இருந்து, அந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால்?

மருத்துவமனைப் பாத மருத்துவரிடம் அந்தத் தகட்டைக் காட்டினேன். என் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தார். அடியில் கடைச் செருப்புகளில் இருப்பது போல சைஸ் எண். அளவெடுத்துச் செய்தார்களாம்! அவர் மிருதுவான ஒரு சின்னப் பட்டையை, வலிக்கும் மூட்டுக்கு நேராக வைக்காமல் அதற்குச் சற்றுப் பின்னால் ஒட்டினார். விரல் பகுதி அகலமான காலணி போடச் சொன்னார். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் நிற்க முடிகிறது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. பாதம் வலித்தால் முதலில் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) டாக்டரிடம் சொல்லி, பாத மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொல்வதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்து என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம், ஆனால் 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அந்த 1,680 வெள்ளியை நான் விடப்போவதில்லை. இதே மாதிரி கடையில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.