விக்கியா, வாட்ஸ்அப் குழுவா, ஆளா: அணியின் நினைவை எங்கே வைப்பது?

பத்துப் பேர் உள்ள மென்பொருள் அணி என்று வைத்துக்கொள்வோம். வேலையில் கற்றதை அரட்டைக் குழுவில் விடலாம், விக்கியில் (அணியில் எல்லோரும் திருத்தக்கூடிய உள் வலைப்பக்கங்கள்) எழுதலாம், அல்லது தெரிந்த ஆளையே நம்பலாம்.

வாட்ஸ்அப், ஸ்லாக் (அலுவலக அரட்டைச் செயலி) குழுக்களில் பதில் உடனே கிடைக்கும்; அதோடு சரி. பிழைச் செய்தியை ஸ்க்ரீன்ஷாட்டாகப் போடுவார்கள், கீழே "சரி பண்ணிட்டேன்" என்று ஒரு வரி. பிறகு தேடினால் எதுவும் சிக்காது. இலவச ஸ்லாக்கில் 90 நாளுக்கு முந்தையது கண்ணிலேயே படாது. பிழையை எழுத்தாக ஒட்டச் சொல்லுங்கள். அதே கேள்வி மறுபடி வந்தால் பதிலை விக்கிக்கு நகர்த்துங்கள்.

விக்கியைக் கெடுப்பது காலாவதியான பக்கங்கள். இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை அதைத் திறக்கமாட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் வேண்டும். ஆறு மாதமாக யாரும் சரிபார்க்காததைக் காப்பகத்துக்குத் தள்ளிவிடலாம். மென்பொருள் 'எப்படி' இயங்குகிறது என்பதை நிரலைப் படித்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 'ஏன்' அப்படி முடிவு செய்தோம் என்பதற்கு அந்த வழி இல்லை. மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த முடிவுக் குறிப்பு இதற்கானது: சூழல், முடிவு, நிலை, விளைவு என ஓரிரு பக்கம். கைவிட்ட வழிகளையும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். செலவு அதிகம் என்று அன்று ஒதுக்கியது இன்று மலிவாகியிருக்கலாம். புது யோசனைகள் பலவும் அங்கிருந்துதான் கிளம்பும்.

இருந்தாலும், புதிதாக ஒன்றைச் செய்ய முதலில் வேண்டியது யாருக்கு எது தெரியும் என்ற அறிவு. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1980களில் இதைக் கோட்பாடாக்கினார். லியாங், மோர்லேண்ட், ஆர்கோட் மூவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ரேடியோ பூட்டுவதைச் சேர்ந்தே கற்ற குழுக்கள், தனித்தனியாகக் கற்றுப் பின்பு ஒன்றுசேர்ந்தவற்றைவிடக் குறைவாகத் தவறின. அதனால் பயிற்சியை இருவர் இருவராக வையுங்கள். அணியை அடிக்கடி கலைத்தால் இந்த நினைவும் கலையும்.

எழுத்தையும் ஆளையும் இணைத்ததால்தான் ஜெராக்ஸ் நிறுவனத்தின் குறிப்புத் தொகுப்பான யுரேகா நிலைத்தது. நகல் இயந்திரப் பழுதுபார்ப்பவர்கள் அனுப்பிய குறிப்புகளைச் சக தொழிலாளர்களே சரிபார்த்தார்கள். எழுதியவர் பெயரோடு வெளியாகின. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பது குறிப்பிலேயே இருந்தது.

ஆளை மட்டும் நம்பினால், அவர் விலகும் நாளில் சிக்கல். நோட்டீஸ் காலத்தில் "எல்லாத்தையும் எழுதிக் குடுங்க" என்று கேட்டால் யாரும் படிக்காத கோப்புதான் மிஞ்சும். விலகுபவரின் வேலையை இன்னொருவர் செய்யட்டும், விலகுபவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தடுமாறிய இடங்களை மட்டும், தடுமாறியவரே எழுத வேண்டும்.