மூன்று வருசப் பொலிஷுக்கும் அழியாத பழைய பெயர்

போன கிழமை வத்தளையிலிருந்து நண்பன் அழைத்தான். “மச்சான், கொழும்பு பஞ்சிகாவத்தையில அந்தப் பொலிஷ் மெஷின் விலை இறங்கியிருக்கு. நீ வச்சிருக்கிற அதே சாமான்தான். எடுக்கவா, விடவா?” அவனும் இப்போது ஒரு பழைய பைபர் போட் வாங்கியிருக்கிறான். பின்னேரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாலு பின்னேரம் போய்விட்டது. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இருந்து எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 7 அங்குலப் பேட், 3 கிலோ அளவில் பாரம், 600இலிருந்து 3000 சுற்றுவரை திருகி வைக்கலாம். நான் வாங்கியது 2022 தொடக்கத்தில். என் போட் பதினெட்டரை அடி, கடும் நீலம், நீர்கொழும்பில் ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. கொழும்பு மோதரைக் கரையில், அணியம் (முன்பக்கம்) மேற்கே கடலைப் பார்க்க ஏற்றி வைத்திருக்கிறோம். மீன்பிடித் தொழிலுக்கு மாமா கொண்டுபோவார். கழுவுவதும் மினுக்குவதும் சனி, ஞாயிறில் என் பொறுப்பு.

வாங்கிய நாளில் அது நீலமாகவே இல்லை, சாம்பல் பூசின மாதிரி இருந்தது. “உள்ளங்கைய வச்சு இழுத்துப் பார், தம்பி” என்றார் மாமா. இழுத்தேன். கை முழுக்க நீலத் தூள். பைபருக்கு மேலே இருக்கும் ஜெல்கோட் என்பது நிறம் கலந்த ரெசின். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேல்தோலைத் தின்றுவிட்டால், பிடிப்பு விட்ட நிறம் சுண்ணாம்புபோல உதிரும். அந்த ஜெல்கோட்டே மொத்தமாக அரை மில்லிமீற்றர் அளவுதான். பொலிஷ் என்று நாம் செய்வது செத்த தோலைச் சுரண்டி உயிருள்ள நீலத்தை வெளியில் எடுப்பது. ஒவ்வொரு முறையும் அந்த அரை மில்லிமீற்றரில் கொஞ்சம் குறைகிறது. இதைத் தெரியாமல் மெஷினைக் கையில் எடுக்கக் கூடாது.

முதல் தடவை செய்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. நல்ல தண்ணீரில் கழுவி, அசற்றோனால் துடைத்து, 1000 இலக்க அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு 1500. அதற்கு மேல் கம்பளிப் பேட்டில் கொம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையை வைத்து, 1200 சுற்றில், இரண்டடிக்கு இரண்டடியாகப் பிடித்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் பக்கத்து வாடியின் (மீனவர் கொட்டிலின்) தகரக் கூரை போட்டுக்குள் தெரிந்தது. ஒவ்வொரு தகரமாக எண்ணலாம். மாமா வந்து நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போய்த் தன் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார்.

அணியத்திலிருந்து பாதிதான் முடிந்திருந்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வாடியிலிருந்து வயர் இழுத்துத்தான் நான் வேலை செய்தேன். கரண்ட் வருகிற நேரத்தில் நான் வேலைத்தலத்தில் இருந்தேன். பாதி கண்ணாடி, பாதி சாம்பலாகப் போட் கிழமைக்கணக்கில் கிடந்தது. பிறகு போட் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. அது கிடைக்கத் தொடங்கியபோது, ஆகஸ்டில், லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிவிட்டது. கடலுக்குப் போகாத அந்த மாதங்களில் மிச்சப் பாதியை முடித்தேன். மாமா பக்கத்தில் வலை முடிந்துகொண்டு இருப்பார். தொழில் இல்லாத நேரத்தில் போட்டையாவது கைவிடவில்லை என்ற எண்ணம் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது. மெஷின் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. மூன்று வருசத்தில் கார்பன் பிரஷ் ஒரு சோடி மாற்றினேன், அவ்வளவுதான்.

இப்போது குறைக்கு வருகிறேன்.

முந்தின சொந்தக்காரர் இடது பக்கத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தார். வெள்ளை எனமல் பெயின்ற், சிங்கள எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், ஒரு பெண்பிள்ளையின் பெயர். வாங்கின கிழமையே தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன். வெள்ளை போனது. பெயர் போகவில்லை. பெயின்றுக்குக் கீழே இருந்த ஜெல்கோட்டில் இத்தனை வருசமும் வெயில் படவில்லை. அங்கே நீலம் அப்படியே இருக்க, சுற்றிலும் வெளுத்துத் தேய்ந்துவிட்டது. வெள்ளையில் இருந்த பெயர் கடும் நீலத்தில் நின்றது.

கொம்பவுண்ட் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். போட்டேன். நடுப்பகலில் பார்த்தால் உண்மையிலேயே இல்லை. அன்று பின்னேரம் ஆறு மணிக்கு, வெயில் கடலிலிருந்து கிடையாக வந்து போட்டின் பக்கத்தை உரசிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு எழுத்தும் விளிம்பு தெரிய எழும்பி நின்றது. நிறம் ஒன்றாகிவிட்டது, ஆனால் உயரம் ஒன்றாகவில்லை. எழுத்து இருந்த இடம் சுற்றுப்புறத்தைவிட மயிரிழை மேடு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால்கூடக் கடைசி எழுத்தின் சுழியை என்னால் பிடிக்க முடியும்.

அந்தப் பக்கம்தான் தெற்கு, அதுவும் ஒரு கேடு. வருசத்தில் ஏறக்குறைய ஏழு மாதம், செப்டெம்பரிலிருந்து ஏப்ரல்வரை, கொழும்பில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கிறது. மிச்ச மாதங்களில் சோழகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, உப்பைக் கொண்டுவந்து அதே பக்கத்தில் அடிக்கிறது. வடக்குப் பக்கம் பொலிஷ் போட்டு ஐந்து மாதம் தாங்கினால், தெற்குப் பக்கம் மூன்றில் தூள் விடத் தொடங்கும். அதிலும் முதலில் தூள் விடுவது எழுத்துகளைச் சுற்றி, ஏற்கெனவே வெயில் ஆழமாகத் தின்ற இடங்கள். எழுத்து மட்டும் நீலமாகத் திரும்பவும் தெரியும்.

ஏழு தடவை அந்தப் பக்கத்தைச் செய்துவிட்டேன். முழுக்கச் சமமாக்க வேண்டுமென்றால் 400 இலக்க அரத்தாளால் மேட்டை இறக்க வேண்டும். பைபர் வேலை செய்கிற ஒரு பாஸிடம் காட்டினேன். விரல் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல இறக்கினா பைபர் வெளிய வந்திடும், புதுசா ஜெல்கோட் அடிக்கிறதெண்டா அடிப்பம்” என்றார். அவர் சொன்ன தொகைக்கு மாமா ஒரு தொகுதி வலை வாங்குவார்.

வலது பக்கத்தில் என் அம்மாவின் பெயரைக் கொட்டாஞ்சேனை எழுத்துக்காரர் ஒருவரைக் கொண்டு எழுதினேன். அழகாகத்தான் எழுதினார். ஆனால் துறையில் இன்றைக்கும் எல்லோரும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் போட்டைக் கூப்பிடுகிறார்கள். பின்னேரம் கரையில் இருந்து கதைக்கிறவர்களுக்கு அதுதானே கண்ணில் படுகிறது. அவர்களிடம் கோபப்பட எனக்கு நியாயம் இல்லை. கோபம் மட்டும் வருகிறது.

இது மெஷினின் குற்றமும் இல்லை, மெழுகின் குற்றமும் இல்லை. மெழுகைப் பற்றி நான் நன்றியோடுதான் சொல்ல வேண்டும். பலர் மெழுகுதான் பளபளப்பைக் கொண்டுவருகிறது என்று நினைத்து வெளுத்த போட்டின் மேல் நேரே பூசுகிறார்கள். அது இரண்டு கிழமைக்கு ஈரம் பட்ட மாதிரி இருக்கும், பிறகு பழையபடி. பளபளப்பு கொம்பவுண்டில் வருகிறது. மெழுகு அதைக் காக்கிறது. நான் பாவிப்பது கார்னோபா மெழுகு. பிரேசில் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும், எங்கள் வெயில் அதை உருக்காது. அதை அழிப்பது உப்பும் மணலும் சட்டி கழுவுகிற சோப்பும். சோப்பை நிறுத்திய பிறகு ஒவ்வொரு பூச்சும் கூடுதலாக ஒரு மாதம் நின்றது.

நான் எதிர்பாராத சந்தோசம் காகத்தால் வந்தது. மோதரைக் காகங்களைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முந்தி எச்சம் காய்ந்தால் சுரண்ட வேண்டும், சுரண்டினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். மெழுகு பூசிய பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. மீன் இரத்தமும் அப்படியே. மாமா இப்போது கரைக்கு வந்தவுடன் தானாகவே ஊற்றிவிடுகிறார். முந்தி என்னைக் கூப்பிடுவார். காலையில் பனி துளித்துளியாக உருண்டு நிற்பதைப் பார்க்கவே சில ஞாயிற்றுக்கிழமை வெள்ளனப் போகிறேன்.

பூசுவதில் ஒரு கவனம். வெயில் ஏறமுன் முடித்துவிடு. ஆறு மணிக்குப் பனியைத் துடைத்துத் தொடங்கினால் ஒன்பதுக்குள் ஒரு பக்கம் முடியும். சூடான போட்டில் பூசினால் கல்லாகக் காய்ந்து, துடைக்கப் பலம் போதாது. மழைக்கால ஈரத்தில் அதற்கு மாறாகக் காயவே காயாது. மெல்லியதாக, இரண்டு பூச்சு. தண்ணீருக்குக் கீழே நிற்கும் பகுதிக்கு வேண்டாம், கரையில் ஏற்றி இறக்கும்போது மணல் ஒரே நாளில் எடுத்துவிடும்.

இன்னொன்று, பதிவு இலக்கத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டாமல் மெஷினைக் கிட்டக் கொண்டுபோகாதே. கம்பளிப் பேட் எனமலைத் தின்றுவிடும். எனக்கு ஒரு இலக்கம் பாதி போய், திரும்ப எழுத வேண்டி வந்தது. விளிம்புகளிலும் அழுத்தாதே, அங்கே ஜெல்கோட் மெல்லிசு. அணியத்து விளிம்பில் ஐந்து ரூபாக் குற்றி அளவுக்கு எரித்துவிட்டேன், அடியில் பைபர் தெரிகிறது. அது என் கைப்பிழை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மச்சான், உன் கேள்விக்குப் பதில்: வாங்காதே. நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏழாம் தடவை பொலிஷ் போட்டு பதினொரு நாள். வெயில் சாய்ந்தது, பெயர் வந்து நின்றது. நீ வாங்கிய போட்டிலும் பழைய பெயர் அழித்த இடம் இருக்கிறது, படத்தில் பார்த்தேன். அந்தப் பக்கத்தை ஒருவரும் உனக்குத் திருப்பித் தரமாட்டார்கள். அந்தக் காசைச் சேர்த்து வை, நேரே ஜெல்கோட் அடி. அதற்கு முன் மெழுகும் பூசிவிடாதே, பூசினால் புது ஜெல்கோட் பிடிக்காது.

மற்றப் பக்கத்தை மட்டும் மினுக்க விரும்பினால் என் மெஷினை வந்து எடுத்துக்கொண்டு போ. கம்பளிப் பேட் மட்டும் புதிது வாங்கு, என்னுடையதில் நீலம் ஏறிவிட்டது. சனிக்கிழமைக்கு முன் கொண்டுவந்து தந்துவிடு. எனக்கு அன்றைக்கு அது வேண்டும்.