கொம்பியூட்டருக்குக் கேட்காத சத்தம்

அக்சிலேற்றரை அழுத்தினால் ‘ஊ…’ என்று பின்னாலிருந்து இழுக்கிறது, காலை எடுத்தால் சத்தம் மாறி அடங்குகிறது, திரும்ப அழுத்தினால் திரும்ப வருகிறது. அத்தானுடைய கேடிஎச் (ரொயோட்டா ஹைஏஸ்) வானுக்கு வந்த வருத்தம் இவ்வளவுதான். கட்டுநாயக்காவில் எங்களை ஏற்றிக்கொண்டு வரும்போது வவுனியா தாண்டித்தான் இது காதில் பட்டது. ஆனையிறவு வருவதற்குள் வானுக்குள் கதைப்பதென்றால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

அடுத்த நாளே யாழ்ப்பாணத்தில், பிரதான வீதியோரம் கண்ணாடி போட்ட பெரிய கராஜ் ஒன்றுக்குக் கொண்டு போனோம். குளிரூட்டிய அறை, வைஃபை, குடிக்கக் கோப்பி, எல்லாம் இருந்தன. கையில் ரப்லெற்றோடு வந்த தம்பி கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்து, “பிழை ஒண்டும் காட்டேல்லை” என்றார். எப்படிக் காட்டும்? அது பார்ப்பது சென்சர் உள்ள இடங்களை. பின் அச்சுக்குள் பல்லோடு பல் உரசுவதைச் சொல்ல அங்கே சென்சர் ஏது? ஒரு தரம் ஓடிப் பாருங்கள் என்று கேட்டேன். ஓடுவதற்கு ஆள் இல்லை என்றார்கள். மத்தியானம் வரைக்கும் இருத்திவைத்துவிட்டு, “கியர்பொக்ஸ் பழுதாப் போட்டுது, ரீகண்டிசன் ஒண்டு போடவேணும்” என்று தொகையை எழுதி நீட்டினார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றதற்கு, “இந்த மொடலுக்கு அதுதான் வாறது” என்பதுதான் பதில். வாகனத்தில் ஏறாமல், சத்தத்தைக் கேட்காமல், கியர்பொக்ஸைக் கழற்றச் சொல்வதற்கு எப்படி மனம் வருகிறது?

கனடாவில், ஸ்காபரோவில் இப்படி நடக்காது. அங்கே பிழை கண்டுபிடிப்பதற்கென்றே தனியாகக் காசு வாங்குவார்கள், நூறு டொலருக்கு மேலே போகும். வாங்கினால் மெக்கானிக் நம்மோடு ஏறி ஓடிப் பார்ப்பார். ஒன்ராறியோச் சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும், கடைசிப் பில் அதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடக் கூடாது, கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தர முன்வர வேண்டும். அந்தக் காசு கொடுக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது என்பது இந்தக் கண்ணாடி அறையில் இருந்தபோது விளங்கியது. கண்டுபிடிக்கிறதுக்குக் கூலி இல்லாத இடத்தில், மாற்றுகிற சாமானில்தான் எல்லாக் காசும். பிறகு யார் பொறுமையாகக் காது கொடுப்பார்கள்?

அத்தானின் சிநேகிதர் ஒருவர் சொல்லித்தான் கோண்டாவில் ஒழுங்கைக்குள் இருக்கும் அந்த மெக்கானிக் அண்ணையிடம் போனோம். தகரக் கொட்டில், மாமரம், கீழே ஒயில் ஊறிய மண். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஏ40, மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த கை அது. பெற்றோல் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் எடுப்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

அவர் முதலில் வானை நிறுத்திவைத்து எஞ்சினை உறுமவிடச் சொன்னார். சத்தம் இல்லை. “அப்ப பெல்ற்றுமில்லை, அல்ரனேற்றருமில்லை, ஸ்ரியரிங் பம்புமில்லை.” பிறகு பக்கத்தில் ஏறிக்கொண்டார். அறுபதில் போகும்போது “அழுத்துங்கோ… இப்ப எடுங்கோ… நியூட்ரலிலை விடுங்கோ” என்றார். நியூட்ரலில் விட்டதும் சத்தம் நன்றாகத் தணிந்தது. சில்லுப் பெயாரிங் என்றால் காலை எடுத்தாலும் நியூட்ரலில் விட்டாலும் வேகத்துக்கேற்ப இரைந்துகொண்டுதான் இருக்கும், இடம் வலம் வளைக்கும்போது கூடிக் குறையும். இதுவோ இழுவை கொடுத்தால் மட்டும் கத்துகிறது. “பினியன்தான் தம்பி” என்று, பின் அச்சைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்தைச் சொல்லிவிட்டு இறங்கினார். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிபரன்சியலில் ஒயில் இறக்கியபோது பாதியளவுதான் வந்தது, அதுவும் கறுப்பாக, வெள்ளித் தூள் மினுங்க. பினியன் சீல் கசிந்து, ஒயில் குறைந்து, பெயாரிங் தேய்ந்திருந்தது. நல்ல வேளை, பினியன் சுழற்றும் பெரிய சக்கரமான கிறவுணின் பல்லுக்குச் சேதமில்லை. பெயாரிங்கும் சீலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன.

பூட்டியதைத்தான் நான் மறக்கமாட்டேன். பினியன் நட்டை இறுக்கி, அதன் முகப்பில் கயிறு சுற்றி, மீன் நிறுக்கும் வில்தராசைக் கொழுவி இழுத்தார். சுழல எவ்வளவு பாரம் எடுக்கிறது என்று முள்ளைப் பார்ப்பார், கொஞ்சம் இறுக்குவார், திரும்ப இழுப்பார். கூட இறுகினால் பெயாரிங் சூடேறிப் போகும், தளர்ந்தால் சத்தம் திரும்ப வரும். அப்புறம் பல்லில் நிற மை பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழும்வரை விடவில்லை. உதவிக்கு நின்ற பெடியனைக் கூப்பிட்டு அந்தத் தடத்தைக் காட்டவும் செய்தார். கடைசியாகப் புது 80-90 கியர் ஒயில். சங்குப்பிட்டிப் பாலம் வரை ஓடிப் பார்த்தோம், வானுக்குள் பிள்ளைகள் குசுகுசுப்பதுகூடக் கேட்டது.

பழைய பெயாரிங்கை என் கையில் தந்து சுழற்றிப் பார்க்கச் சொன்னார். கறகறவென்று இருந்தது. ஒன்ராறியோவில் சட்டம் போட்டுச் செய்விப்பதை இந்த மனிதர் தானாகவே செய்கிறார். பில்லில் சாமானும் ஒரு நாள் கூலியும் மட்டும். பிழை கண்டுபிடித்ததற்கு என்று கூடக் கொடுத்தேன். “கேட்டதுக்கும் காசோ?” என்று திருப்பித் தந்தார். எனக்கு அது சந்தோசமாக இல்லை. பெரிய கராஜ் ஒரு கியர்பொக்ஸ் விலை கேட்ட இடத்தில் இவருடைய காது எங்கள் காசைக் காப்பாற்றியது, அதற்கு அவர் கூலி எடுக்கத்தான் வேண்டும். இனிப் போகிறவர்கள் வற்புறுத்தியாவது கொடுங்கள்.

இன்னொன்று. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தது, ஊரில் ஓடும் வான்களில் பெரும்பாலானவை பழசு. விமான நிலையத்துக்கு வான் பிடிப்பவர்கள் எஞ்சின் ஒயிலோடு பின் அச்சு ஒயிலையும் பார்த்தாயிற்றா என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.